பத்தொன்பதாம் பக்கம்

மொச்சையைப் பிதுக்கிக்கொண்டே படித்ததால் மங்கையர்க்கரசி முதல் தடவை அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டாள். ராத்திரி ஊறப்போட்ட மொச்சை, தோல் நன்றாக உப்பியிருந்தது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும், சில சமயம் குறி தப்பி லேப்டாப்பின் மேல் போய் உட்காரும், அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புறங்கையால் அடுத்த பக்கத்தைத் தள்ளுவாள். சனிக்கிழமை காலை பத்தே கால். மகள் தேன்மொழியைப் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸில் விட்டுவிட்டுக் கணவர் அப்படியே மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள். மற்றவர்களுக்குப் பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள் கொத்து. மங்கைக்கு அது பஸ் டிக்கெட். அவள் வேலை பார்க்கும் மதுரைக் கம்பெனிதான் ஒரு தனியார் பஸ் நிறுவனத்தின் முன்பதிவுத் தளத்தைக் கவனித்துக்கொள்கிறது. தளம் ஓடுவது எங்கேயோ இருக்கும் வாடகை சர்வர்களில், கிளவுட் என்கிறார்களே அதில். கூட்டம் கூடினால் சர்வர்கள் கூட வேண்டும், கலைந்தால் குறைய வேண்டும், இதைப் பார்த்துக்கொள்கிற நான்கு பேரில் அவள் தலைவி. போன மாதம் ஐந்தாவதாக ஒன்று வந்து சேர்ந்தது, ஏஐ அசிஸ்டென்ட். எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்லும், சர்வர்களைத் தானே கூட்டும், குறைக்கும், எதையும் தொடுவதற்கு முன்னால் 'செய்யட்டுமா' என்று கேட்கும். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அதனிடம் அவள் ஒரு வேலை சொன்னாள். நம்முடைய அமைப்புகள் ஒவ்வொன்றும் இப்போதிருக்கும் நிலைக்கு எப்படி வந்தன, யார் மாற்றினார்கள், எப்போது, ஏன் என்று பழைய பதிவுகளையெல்லாம் படித்து ஓர் ஆவணமாக எழுது, பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் எல்லாரும் படித்துவிட வேண்டும். முப்பத்தோரு பக்கம் எழுதி வைத்திருந்தது. அவள் படித்துப் பார்த்து 'ஒப்புதல்' என்ற பொத்தானை அழுத்தினால் மேலாளர் கோதண்டம் சாருக்கும் மற்றவர்களுக்கும் போய்விடும். நல்ல எழுத்து, கண்ணை உறுத்தாத எழுத்து, நம்மில் ஒருத்தராவது இப்படி எழுதி வைத்ததுண்டா என்று நினைத்துக்கொண்டே இருபத்தோராம் பக்கம் வரை வந்தவளுக்குத் தொண்டையில் மீன்முள் நின்ற மாதிரி ஏதோ நெருடியது. தன் பெயர். எங்கேயோ தன் பெயரைப் பார்த்தோமே. இரண்டு பக்கம் பின்னால் போனாள்.

பத்தொன்பதாம் பக்கத்தில் நாலே வரி. 'சர்வர்களின் உச்ச எண்ணிக்கை. ஜனவரி 10 மாலை 6:12, பிரிட்டோ நேரடியாகத் திரையில் 4 என்பதை 40 ஆக உயர்த்தினார், கோப்பில் பதியவில்லை. ஜனவரி 11 பகல் 2:37, மங்கையர்க்கரசியின் கணினியிலிருந்து ஒரு பழைய கோப்பு ஏற்றப்பட்டதால் அது மீண்டும் 4 ஆனது. ஜனவரி 13 மாலை தளம் முடங்கியதற்கு இது காரணமாக இருக்கலாம்.' இருக்கலாம். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் முதலில் பிடித்துக்கொண்டாள். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம். அதற்கே நிச்சயமில்லை பார். விரலுக்கு நடுவில் ஒரு மொச்சை, அழுத்தவும் இல்லை, விடவும் இல்லை. ஆனால் இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவளுக்கு அந்தச் சொல் வெறும் மரியாதை என்று தெரியாதா. டாக்டர் 'எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துரலாம்' என்று சொல்கிற மாதிரி. நாற்பது சர்வர் வரை கூட்டிக்கொள்ளலாம் என்றிருந்தால் எத்தனை பேர் வந்தாலும் தளம் தாங்கும். நாலு என்றால் தாங்காது. மூன்று வருடத்துக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது தாங்கவில்லை. போகிக்கு முதல் நாள், ஊருக்குப் போகிறவர்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் டிக்கெட்டுக்கு வந்து விழ, மூன்று மணி நேரம் தளம் மூச்சுவிடவில்லை, பஸ் நிறுவனத்துக்காரர் போனில் போட்ட சத்தம் கோதண்டம் சாரின் காதைத் தாண்டி மேஜைக்கு இந்தப் பக்கம் அவளுக்கே கேட்டது. எண்ணை உயர்த்தும் வேலை யாருடையது? அப்போது குழுவிலிருந்த பிரிட்டோவுடையது. தளத்தின் அமைப்பையெல்லாம் எழுதி வைக்கிற கோப்பு, ஏற்றினால் தளம் அதில் உள்ளபடி மாறிக்கொள்ளும், அதைத் திறந்து பார்த்தார்கள். கோப்பில் நாலு. போன மாதமும் நாலு, அதற்கு முந்தின மாதமும் நாலு. நாற்பது என்ற எண்ணே அந்தக் கோப்பு பிறந்ததிலிருந்து அதில் இருந்ததில்லை.

"நான் போட்டேன் சார்" என்றான் பிரிட்டோ முதல் கூட்டத்தில். "நாப்பதுன்னு போட்டேன். கீழ போய் டீ குடிச்சிட்டு வந்து உக்காந்து போட்டேன். அவசரத்துல ஃபைல்ல எழுதாம விட்டுட்டேன், ஆனா போட்டேன்." போட்டதற்கு ஆதாரம் எங்கே என்றார் கோதண்டம் சார். யார் எதைத் தொட்டாலும் ஒரு வரி பதிவாகும், அந்தப் பதிவைப் பாருங்கள் சார் என்றான் அவன். அது லட்சக்கணக்கான வரி, சுருக்கிக் கட்டி எங்கேயோ மூலையில் கிடக்கிறது, படித்து முடிக்க நாலு நாள் ஆகும், பஸ் கம்பெனிக்காரன் இன்னைக்கே பதில் கேக்குறான்பா என்றார் சார். மங்கைதான் 'நான் கொஞ்சம் பாக்குறேன் சார்' என்றாள். பார்த்தாள். பத்துக் கோப்பு பிரித்தாள், பத்திலும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள், கண் எரிந்தது, தண்ணீர் குடித்தாள், பதினொன்றாவதைப் பிரிக்கவில்லை. பதினொன்றில் இருந்திருக்குமோ. பன்னிரண்டில். இதோ இந்த அசிஸ்டென்ட் எல்லாவற்றையும் படித்திருக்கிறது, அலுக்காமல், கொட்டாவி விடாமல், எத்தனை நேரத்தில் என்று கீழே போட்டிருந்தது, பதினோரு நிமிடம். இரண்டாவது கூட்டத்தில் அவன் சொன்னது, "போட்டேன்னுதான் சார் நெனக்கிறேன்." மூன்றாவது கூட்டத்தில், யாரையும் பார்க்காமல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, "போடலையோ என்னமோ சார்." போட்டேன், போட்டேன்னு நெனக்கிறேன், போடலையோ என்னமோ. ஒரு மனுஷன் தன் கையாலே செய்த காரியத்தை மூன்றே நாளில் இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கைவிட்டதை அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அவள்தான் ஆறுதல் சொன்னாள். ஐயோ. கையிலிருந்த மொச்சை நசுங்கியது. ஆறுதல் சொன்னாளே. "விடு பிரிட்டோ, மறதி எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தில் பாதியை அவன் மூடியில் வைத்தாளே. அவனும் 'நல்லாருக்குக்கா' என்று சொல்லிச் சாப்பிட்டானே.

யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அதைத்தான் எல்லோரும் பிறகு சொல்லிக்கொண்டார்கள், நாங்க யாரும் போகச் சொல்லலையே. ஒரு மாதத்தில் அவனே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். திண்டுக்கல் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும், குடில் படம், அவளும் ஒரு கும்பிடு அனுப்புவாள். ஜனவரி பதினொன்று. பகல் இரண்டு முப்பத்தேழு. அப்படி என்ன செய்துகொண்டிருந்தாள் அந்த நேரத்தில்? யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அந்தத் தேதியை அவள் எப்படி மறப்பாள், புதன்கிழமை, மத்தியானம், தேன்மொழியின் வகுப்பு டீச்சர் போன் செய்தார்கள், மேடம் கொஞ்சம் வர்றீங்களா, பயப்பட ஒண்ணுமில்ல, பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டா. பன்னிரண்டு வயசு. ஆட்டோவில் போன வழி முழுக்க ஞாபகமிருக்கிறது, காளவாசலில் சிக்னல், ஆட்டோக்காரர் கண்ணாடியில் தொங்கிய வாடின மல்லிகைச் சரம், பள்ளிக்கூட வராந்தாவில் ஆகாய நீலப் பாவாடைமேல் யாருடைய ஸ்வெட்டரையோ சுற்றிக் கட்டிக்கொண்டு நின்ற குழந்தை, அவளைப் பார்த்ததும் அழாமல், "அம்மா, நான் சயின்ஸ் டெஸ்ட் பாதியிலேயே வந்துட்டேம்மா" என்றது, அந்தச் சின்னக் கை ஜில்லென்று இருந்தது. இத்தனையும் ஞாபகமிருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் என்ன செய்தோம் என்பது மட்டும் இல்லை. ஒரு சின்ன வேலை, ஏதோ ஒரு முகவரி சேர்க்கிற வேலை, தன் கணினியில் கிடந்த பழைய கோப்பிலேயே சேர்த்து ஏற்றியிருப்பாள், 'இந்தந்த மாற்றங்கள் நடக்கும், சரியா' என்று திரை கேட்டிருக்கும், அந்தப் பட்டியலில் நாற்பது நாலாகும் என்றும் ஒரு வரி இருந்திருக்கும், ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் 'சரி' என்று அடித்திருப்பாள். அடித்த விரல் எது? இதுவா? தோல் உரிந்த மொச்சையின் பிசுக்கோடு அது அவள் கண்முன் இருந்தது, யாருடைய விரலோ மாதிரி.

போன் அடித்தது. திடுக்கிட்டாள், கோதண்டம் சார்தான், தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். கணவர். "மங்க, மஞ்சக் கொத்து நல்லா வந்திருக்கு. இப்பவே வாங்கிரவா, இல்ல போகியன்னிக்கு வாங்கிக்கலாமா?" என்றார். "வாங்குங்க." "வாடிப் போயிராதா?" "அப்ப வேணாம்." "என்ன நீ, வாங்குங்குற, வேணாங்குற." "உங்க இஷ்டம்ங்க, நான் வேலைல இருக்கேன்." வைத்துவிட்டாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மார்க்கெட்டிலிருந்து ஓடி வந்திருப்பார், வந்து என்ன சொல்லியிருப்பார், நீயா வேணும்னு செஞ்ச, மூணு வருஷம் ஆச்சு, அந்தப் பையன் நல்லாத்தானே இருக்கான், வாத்தியார் வேலை, நிம்மதியான வேலை. இதை அவர் குரலிலேயே அவளால் கேட்க முடிந்தது, கேட்க இதமாகவும் இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை. வேணும்னு செய்யவில்லைதான். காரணம் இருக்கிறதுதான். பெற்ற பெண்ணுக்கு அப்படி ஒரு போன் வந்தால் எந்தத் தாய் திரையைப் படித்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவனிடம் காரணம் கேட்க ஆள் இருந்ததா. தப்பே செய்யாதவனுக்குக் காரணம் எங்கிருந்து கிடைக்கும், அதனால்தான் மறதி என்று ஒன்றை நாமே பார்த்து அவன் கையில் கொடுத்தோம். வாசலில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. எதிர்வீட்டு அம்மா, 'நில்லுப்பா நில்லுப்பா' என்று வாளியோடு ஓடினாள். அது நின்று, வாங்கிக்கொண்டு, தெருமுனை திரும்பி, பாட்டு தேய்ந்து மறையும் வரை மங்கை ஒன்றும் நினைக்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் செய்ததைப் பின்னாளில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அசிஸ்டென்ட்டிடம், 'பத்தொன்பதாம் பக்கத்தில் உச்ச எண்ணிக்கை பற்றிய பகுதியை எடுத்துவிடு' என்று எழுதினாள். சும்மா. எடுக்கிறதா பார்ப்போம் என்று. இல்லை, சும்மா இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டதே, சும்மா என்றால் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்கும், மறுக்கும், நீ செய்தது தப்பு என்று நாலு வார்த்தை சொல்லும் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தாள், சொன்னால் சண்டை போடலாம். அது ஒன்றும் கேட்கவில்லை. 'எடுத்துவிட்டேன்' என்றது. இரண்டே நொடி. மேலே போய்ப் பார்த்தாள், அந்த நாலு வரி இருந்த இடம் தெரியவில்லை, முன்னும் பின்னும் இருந்த வரிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன, குளத்தில் கல் போட்ட பிறகு தண்ணீர் மூடிக்கொள்கிற மாதிரி. பயமாக இருந்தது அவளுக்கு, தப்பு தெரிந்ததைவிட இது அதிகப் பயமாக இருந்தது. இவ்வளவு சுலபமா. அந்த மூலையில் கிடக்கும் பதிவை இனி யார் படிக்கப் போகிறார்கள், வருகிற மார்ச்சோடு பழையதெல்லாம் அழிந்துவிடும், அதற்கப்புறம் உலகத்தில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் கொஞ்ச நாளில் கனவு மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் கீழே இன்னும் இரண்டு வரி வந்திருப்பதைப் பார்த்தாள். 'ஒரு குறிப்பு: அந்த எண் ஏன் 4 ஆக இருந்தது என்பதற்கு ஆவணத்தில் இப்போது காரணம் இல்லை. வேறு காரணம் ஏதாவது எழுத வேண்டுமா?'

வேறு காரணம். அதில் குத்தல் இல்லை, அவளுக்குத் தெரியும், அதற்குக் குத்தத் தெரியாது, எழுத்துப் பிழை இருந்தால் எப்படிச் சுட்டிக்காட்டுமோ அப்படிக் கேட்டிருக்கிறது, ஓர் இடம் காலியாக இருக்கிறது, என்ன போடட்டும். வேறு காரணம் இருந்ததே. மூன்று வருடமாக அந்தக் காலி இடத்தில் ஓர் ஆளைத்தானே போட்டு வைத்திருந்தோம். கையெழுத்துப் போட்டு வைத்த மாதிரி எல்லோருக்கும் தெரியும், புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குக்கூடச் சொல்வார்கள், ஃபைல்ல எழுதிரு, இல்லேன்னா பிரிட்டோ கதைதான். அவளும் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். பிரிட்டோ கதை. அவன் பெயர் ஒரு பழமொழியாகி இந்த ஆபீசில் புழங்குவது அவனுக்குத் தெரியுமா, தெரியாமல் இருக்க வேண்டும், மாதாவே, என்று அவன் சாமியையே கூப்பிட்டாள். அவனுக்கு வர வேண்டிய தலைவி நாற்காலி, இல்லை தலைவன் நாற்காலி, இதில் உட்கார்ந்துகொண்டு. கோதண்டம் சார் முகம் எப்படிப் போகும், மற்ற மூன்று பேரும் டீ குடிக்கப் போகும்போது என்ன பேசுவார்கள், அக்கா இனி கூட்டத்தில் வாயைத் திறந்தால், 'மொதல்ல நீங்க ஒழுங்கா' என்று ஒருத்தராவது மனசுக்குள் சொல்வார்களா மாட்டார்களா. சொல்லட்டும்.  எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு அண்ணாந்து குடித்தாள், பாதி கழுத்தில் வழிந்தது.

அவனிடம் முதலில் கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. நியாயம்தானே, அவன்தானே பாதிக்கப்பட்டவன், அவனுக்கல்லவா முதலில் தெரிய வேண்டும். போனை எடுத்துப் பெயரைத் தேடி விரலை வைக்கப் போனவள் நிறுத்தினாள். அவனை அவளுக்குத் தெரியும். 'விடுங்கக்கா' என்பான். பழசுக்கா, எதுக்குக்கா, நீங்க வேற. அந்த 'விடுங்கக்கா'வை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து, அவனே வேண்டாமென்றுவிட்டான் என்று நிம்மதியாக மொச்சை பிதுக்க உட்கார்ந்துவிடுவாள். அப்படித்தான் நடக்கும். அவன் நல்லவனாக இருப்பதையும் அவள் சம்பாதித்துக்கொள்வாள். கூடாது. உட்கார்ந்தாள். 'எடுத்த பகுதியைத் திரும்ப வை' என்று எழுதினாள், வைத்தது. கடைசி வரியில் 'காரணமாக இருக்கலாம்' என்பதை அடித்துவிட்டு 'இதுவே காரணம்' என்று தன் கையால் எழுதினாள். அதன் கீழே, 'அன்று ஏற்றியது நான். திரையில் வந்த பட்டியலைப் படிக்காமல் சரி என்று அடித்தேன். பிரிட்டோ தன் வேலையைச் செய்திருந்தார்.' தேன்மொழியைப் பற்றி எழுதலாமா என்று ஒரு வார்த்தை தட்டினாள், அழித்தாள். அவன் கோப்பில் எழுதாததைச் சொல்லலாமா, அதுவும் உண்மைதானே. இருக்கிறதே, மேலேயே இருக்கிறது, இது எழுதியது போதும், நான் வேறு அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி ஒருமுறை படித்தால் கை நின்றுவிடும் என்று தெரிந்தது. ஒப்புதலை அழுத்தினாள். 'அனுப்பப்பட்டது' என்று வந்தது, அவ்வளவுதான், வீடு அப்படியே இருந்தது, மேலே மின்விசிறி ஒரே மாதிரி சுற்றியது. அஞ்சாறு நிமிடத்தில் கோதண்டம் சாரிடமிருந்து ஒரு வரி. 'பார்த்தேன். திங்கட்கிழமை பேசுவோம்.' அந்த வரியில் கோபம் இருக்கிறதா என்று நாலு தடவை படித்தாள். இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. போனை எடுத்தாள்.

"அக்கா! என்னக்கா அதிசயமா?" என்றான் பிரிட்டோ. குரல் மாறவேயில்லை. பின்னால் ஏதோ குழந்தை சத்தமாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

"வீட்லயா இருக்க?"

"வீட்லதான். இன்னைக்கு லீவு. சொல்லுங்க, தேனு எப்படி இருக்கா? டென்த்ல?"

மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "பிரிட்டோ, நீ நாப்பதுன்னு போட்ட" என்றாள்.

"என்னக்கா?"

"அன்னைக்கு. செவ்வாக்கெழம சாயங்காலம் ஆறு பன்னெண்டுக்கு. நாப்பதுன்னு போட்டிருக்க. பதிவு இருக்கு, நான் என் கண்ணால பாத்தேன். மறுநாள் மத்தியானம் நான்தான் அத நாலாக்கியிருக்கேன். பழைய ஃபைல ஏத்திட்டேன். சத்தியமா எனக்கே தெரியாது பிரிட்டோ, இன்னைக்குக் காலைலதான் தெரியும்."

 வாய்ப்பாடு ஏழேழு நாற்பத்தொன்பது வரை போய்விட்டு நின்றது, அவன் கைகாட்டி நிறுத்தியிருக்க வேண்டும். லைன் போய்விட்டதா என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஆறு பன்னெண்டா?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"டீ குடிச்சிட்டு வந்தப்புறம்."

"ஆமாப்பா."

"அக்கா, நான் இப்பல்லாம் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ப பூட்டுனா, பூட்ட போட்டோ எடுத்து வெச்சிக்குவேன். தெனம். வீட்டுக்கு வந்து பாத்துக்குவேன், பூட்டிருக்கோமான்னு. போன் பூரா பூட்டு போட்டோதான். செலின் கேலி பண்ணுவா." அவன் சிரிக்கப் பார்த்தான். செலின் அவன் மனைவி. கல்யாணத்துக்கு இவர்கள் நான்கு பேரும் வேன் வைத்துப் போயிருந்தார்கள். மங்கைக்குக் கண்ணை மறைத்தது. மன்னிச்சிரு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது, அது பஸ்ஸில் காலை மிதித்துவிட்டால் சொல்கிற சொல்லாக இருந்தது, இதற்கு என்ன சொல்வது. "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல பிரிட்டோ" என்றாள். அதுதான் உண்மையாக இருந்தது.

"மறுநாள்னா புதன்கெழமையா?" அவன் வேறெங்கோ இருந்தான். "புதன்கெழம மத்தியானம் தேனு ஸ்கூல்லேருந்து போன் வந்து நீங்க ஓடுனீங்களேக்கா. பைய மறந்துட்டு, நான் படிக்கட்டு வரைக்கும் கொண்டாந்து குடுத்தேன். உங்க லேப்டாப்பும் தொறந்தபடி கெடந்துச்சு, நான்தான் மூடி வெச்சேன்."

"உனக்கு எல்லாம் ஞாபகமிருக்கு பிரிட்டோ."

"இருக்குல்லக்கா?" என்றான். டாக்டரிடம் கேட்பதைப் போலக் கேட்டான்.

"எல்லாம் இருக்குப்பா. எங்க எல்லாரையும்விட உனக்குத்தான் நல்லா இருக்கு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சார்கிட்டச் சொல்லிராதீங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதும். நீங்க இப்ப பெரிய எடத்துல இருக்கீங்க, எதுக்குக்கா."

"அனுப்பிட்டேன்."

"ஐயோ, ஏன்க்கா! என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேணாம்ப. அதான் கேக்கல."

அவன் இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தான், சிரிப்பு பாதியில் உடைந்து வேறு மாதிரி ஆனது. "ஒரு நிமிசங்க்கா" என்றான். போனை எங்கேயோ வைத்தான், கட் செய்ய மறந்துவிட்டான், அல்லது செய்யவில்லை. மரப்பலகையில் மோதிய ஒரு டக் சத்தம், அப்புறம் அறை விட்டு அறை போகும் காலடி.

"செலின், இங்க வாயேன்."

"கையெல்லாம் மாவு. அங்கேருந்தே சொல்லுங்க."

"நான் போட்டேன்."

"என்னத்த?"

"நாப்பது. நான் போட்டிருக்கேன் செலின். பதிவுல இருக்காம்."

பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டு தானாக அடங்கியது. அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது சரியாகக் கேட்கவில்லை, ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொல்வது போலிருந்தது, குழந்தை, 'அப்பா ஏன் அழுவுறாங்க' என்று கேட்டது. கேட்கக்கூடாது, வைத்துவிட வேண்டும், இது அவர்களுடையது என்று மங்கைக்குப் புரிந்தது, ஆனாலும் கை வரவில்லை. மெத்தென்ற காலடி ஒன்று போனை நோக்கி வந்தது.

"அக்கா, இருக்கீங்களா?" செலின்.

"இருக்கேம்மா."

"மூணு வருசம்க்கா" என்றாள் செலின். திட்டவில்லை, அழவுமில்லை. மங்கை அந்த மூன்று வருடத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டாள். எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடுவது அவள் வீட்டிலா அந்த வீட்டிலா என்று தெரியவில்லை. பிறகு செலின் குரலைத் தாழ்த்தி, அவனுக்குக் கேட்டுவிடாமல், வாயைப் போனோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினாள்.

"நீங்க ஒரு நட நேர்ல வாங்கக்கா. அவரு மொகத்தப் பாத்து இன்னொருக்கா சொல்லுங்க. போன்ல சொன்னது பத்தாது. நாளைக்குக் காலைல எந்திரிச்சா, அக்கா நெசமாவே அப்படிச் சொன்னாங்களா, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனான்னு என்னையக் கேப்பாரு. எனக்கு அவரத் தெரியும்."

"நாளைக்கே வர்றேன்" என்றாள் மங்கையர்க்கரசி. "எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வந்துர்றேன்."